கடற்கொள்ளைக்காரனாகிய வைத்தியன்



பாய்மரக் கப்பலின் கயிற்றைப் பற்றித் தொங்கிப் பகைவர் கப்பலின் மேற்றளத்திற் குதிக்கும் வீரன். இடியென முழங்கும் பீரங்கி. கடற்கரை மணலில் இருவர் நடத்தும் வாட்போர். இறுதியில் நீதி வென்று கொடியோன் தலைகுனியும் காட்சி. இவை நிறைந்த கடற்கொள்ளையர் படங்களை விரும்பாதவர் அரியர். வரலாறு கற்றோர் சிலர் இவற்றை வெறுங் கட்டுக்கதை என ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். இப்படங்களுள் தலைசிறந்த ஒன்றை எடுத்து, அதன் அடியிற் கிடக்கும் மெய்வரலாற்றை இன்று ஆராய விழைகின்றேன்.

அப்படம் ‘கப்டன் பிளட்’ என்பது. 1935ஆம் ஆண்டின் இறுதியில் ஹொலிவூட்டின் வார்னர் சகோதரர் நிறுவனம் இதனை வெளியிட்டது. இயக்கியவர் ஹங்கேரி நாட்டிற் பிறந்த மைக்கல் கேர்ட்டிஸ். தலைமைப் பாத்திரத்தை ஏற்ற எறோல் பிளின், தஸ்மேனியாத் தீவிலே பிறந்தவர். அதுகாறும் சிறு வேடங்களிலன்றி உலகு அறியாதவர். கதாநாயகியாக நடித்த ஒலிவியா டி ஹவிலண்டுக்கு அப்பொழுது வயது 19. ஒரே படத்தால் இருவரும் புகழின் உச்சியை எட்டினர். பின்னரும் ஏழு படங்களில் இணைந்து நடித்தனர்.

படத்திற்கு மூலம் அதே பெயர் கொண்ட நாவல். அதனை 1922ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ரஃபேல் சபத்தீனி. இவர் 1875ஆம் ஆண்டில் இத்தாலியிலே, இத்தாலியத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகனாகப் பிறந்தவர். பல மொழி கற்றும் ஆங்கிலத்தையே எழுத்துக்குத் தெரிந்தெடுத்தார். பழைய ஏடுகளைத் துருவி, அவற்றிலிருந்து கதை புனைவது அவர் வழக்கம். 1924ஆம் ஆண்டிலேயே இந்நாவல் பேசாப் படமாக ஒருமுறை வந்துவிட்டது. எனினும் இன்றுவரை நிலைத்தது பேசும் படமே.

கதையைச் சுருக்கமாகச் சொல்வேன். பீற்றர் பிளட் என்னும் வைத்தியன், போர்த்தொழிலைக் கைவிட்டு இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் அமைதியாக வாழ்கின்றான். அரசனுக்கு எதிராக எழுந்த கலகத்திற் காயமுற்ற ஒருவனுக்கு மருந்திடச் செல்கின்றான். அங்கேயே படைவீரர் அவனைக் கைது செய்கின்றனர். காயமுற்றவனைக் காப்பது தன் தொழிற் கடமை என்று அவன் வாதிக்கின்றான். நீதியரசர் செவிசாய்க்கவில்லை, மரண தண்டனை விதிக்கின்றார். அரசனோ, கைதிகளைத் தூக்கிலிடுவதினும் மேற்கிந்தியத் தீவுகளில் விற்றுவிடுவது இலாபம் என்று காண்கின்றான். பிளட் ஜமெய்க்காத் தீவின் சந்தையில் நிறுத்தப்பட்டு, பத்துப் பவுணுக்கு விலைபோகின்றான். வாங்கியவள் தோட்ட முதலாளியான கேணல் பிஷப்பின் மருமகள். தேசாதிபதியின் வாதநோயைத் தணித்து ஓரளவு சலுகை பெறும் அவன், ஸ்பானியர் துறைமுகத்தைத் தாக்கிக் களியாட்டில் ஆழ்ந்திருந்த இரவில், தோழரான அடிமைகளைத் திரட்டி அவர்தம் கப்பலைக் கைப்பற்றிக் கடற்கொள்ளையர் தலைவனாகின்றான். ஈற்றில் அந்த அரசன் வீழ்ந்தான், புதிய அரசன் வந்தான் என்ற செய்தி எட்டவே, பிளட் மன்னிப்புப் பெற்று அத்தீவுக்கே தேசாதிபதியாகின்றான்.

இதில் எவ்வளவு உண்மை? நேயர்களே, முற்பாதியில் நாம் நினைப்பதைவிட அதிகம் உண்டு.

1685ஆம் ஆண்டு பெப்ரவரியில் இரண்டாம் சாள்ஸ் மன்னன் இறந்தான். அவன் தம்பி இரண்டாம் ஜேம்ஸ் அரியணை ஏறினான். ஜேம்ஸ் கத்தோலிக்கன், நாட்டு மக்களிற் பெரும்பாலார் புரட்டஸ்தாந்தர். இந்தப் பிளவைப் பயன்படுத்தி, சாள்சின் முறைமணத்திற் பிறவாத மகனான மொன்மத் கோமகன், தானே உரிமை மன்னன் என்று கூறிக்கொண்டு, அவ்வாண்டு யூன் 11ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள லைம் றீஜிசில் வந்திறங்கினான். உடன் வந்தோர் ஏறத்தாழ 80 பேரே. ஆயினும் உழவரும் நெசவாளரும் கைவினைஞரும் ஆயிரக்கணக்கில் அவனைச் சூழ்ந்தனர். பலரிடம் துப்பாக்கி இல்லை. அரிவாளைக் கம்பிற் கட்டி ஏந்தியவரும் இருந்தனர். யூலை 6ஆம் நாள் செஜ்மூர் வெளியில் அரச படை அவர்களைச் சிதறடித்தது. ஒன்பது நாளின் பின் மொன்மத்தின் தலை இலண்டனிலே துண்டிக்கப்பட்டது.

தலைவன் மாண்டதோடு பழிவாங்கல் ஓயவில்லை. தலைமை நீதியரசர் ஜெவ்ரீஸ் தென்மேற்கு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார். அவர் நடத்திய விசாரணைகளை வரலாறு ‘இரத்த நீதிமன்று’ எனப் பெயரிட்டு அழைக்கின்றது. ஓடி வந்தோருக்கு ஓரிரவு புகலிடம் அளித்த குற்றத்துக்காக அலிஸ் லைல் என்னும் முதியவள் வின்செஸ்ரரில் தலை துண்டிக்கப்பட்டாள். ஏறத்தாழ 300 பேர் கொல்லப்பட்டனர். 800க்கு மேற்பட்டோர் கடல் கடத்தப்பட்டனர். அவர்கள் தீவுகளிற் பத்தாண்டு கூலியின்றி ஊழியம் செய்யவேண்டும் என்பது விதி. கைதிகள் அரசவையில் வேண்டியவர்களுக்கு நன்கொடையாகப் பங்கிடப்பட்டனர்; பெற்றவர் அவர்களை விற்றுப் பணமாக்கினர். ஆகவே மன்னன் மனிதரை விலைப்பொருளாக்கினான் என்று படம் காட்டுவதில் மிகையில்லை.

அவ்வாறு கடத்தப்பட்டவருள் ஒருவர் ஹென்றி பிற்மன் என்னும் சத்திரவைத்தியர். பீற்றர் பிளட்டின் முன்மாதிரி இவரே. 1689ஆம் ஆண்டில், தாம் பட்ட துன்பங்களையும் கண்ட விந்தைகளையும் சிறு நூலாக இவர் வெளியிட்டார். மொன்மத்தின் படையை வேடிக்கை பார்க்கச் சென்றவர், காயமுற்றோரின் நிலை கண்டு இரங்கி, இருதரப்பாருக்கும் மருந்திட்டார். ஆயுதம் ஏந்தவில்லை. எனினும் அவரும் அவர் தம்பியும் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, பார்படோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டனர். போய்ச் சேர்ந்ததும் விடுதலை கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, உறவினர் 60 பவுண் கொடுத்திருந்தனர். வாக்குறுதி காற்றிற் போயிற்று.

பிற்மனை வாங்கிய முதலாளியின் பெயர் றொபேட் பிஷப். தீவின் அன்றைய ஆட்சித் தலைவர் பெயர் ஸ்ரீட். நாவலாசிரியர் இவ்விரு பெயர்களையும் கதையிற் சேர்த்துக்கொண்டமை, எந்த ஏட்டிலிருந்து அவர் முகந்தார் என்பதற்குச் சான்று. பிற்மன் அளவும் தரமுமற்ற உணவைக் குறித்து முறையிட்டு, அடிமைபோல ஊழியம் செய்ய மறுத்தபோது, முதலாளி தம் கைத்தடி சிதறும்வரை அடித்தார். பின்னர் அவரைத் தொழுமரத்தில் மாட்டிப் பன்னிரண்டு மணிநேரம் வெயிலிற் காயவிட்டார். தம்பி தீவிலேயே இறந்தார்.

இனித் தப்பிய கதையைக் கேளுங்கள். திரையிலே நாம் காண்பது பீரங்கிகள் பூட்டிய ஸ்பானியக் கப்பல். மெய்யாக நிகழ்ந்தது அதனினும் எளியது. ஆயினும் அதனினும் துணிவு மிக்கது. கடனில் மூழ்கித் தீவைவிட்டு ஓட விரும்பிய மரச்சிற்பி ஒருவனுக்குப் பிற்மன் இரகசியமாகப் பணம் கொடுத்து, சிறு படகொன்றை வாங்குவித்தார். 1687ஆம் ஆண்டு மே மாதத்தில், அயற்றீவின் தேசாதிபதி விருந்தாளியாக வந்திருந்தார். ஊர்க்காவற் படையினர் அன்றைய விருந்திற் குடித்துக் களைத்திருந்தனர். அந்த இரவிற் பிற்மனும் தோழர் சிலரும் துறையைவிட்டு நழுவினர். மேற்றளம் இல்லாத படகு. ஓயாது ஒழுகும் அடித்தட்டு. கடற்பிணியால் வீழ்ந்து கிடந்த தோழர். திசை காட்டக் கையில் ஒரு கருவி. பகைவர் குடித்து மயங்கிய இரவில் தப்புதல் என்ற கருவைத்தான் திரைப்படம் பெருக்கி, ஒரு கப்பற் போராக்கிக் காட்டுகின்றது.

படகு வெனிசுவேலாக் கரைக்கு அப்பாலுள்ள உப்புத் தோர்த்துகா என்னும் தீவைச் சேர்ந்தது. தோர்த்துகா என்ற ஸ்பானியச் சொல்லுக்கு ஆமை என்பது பொருள். கொள்ளையரின் கோட்டையாக விளங்கிய இன்னொரு தோர்த்துகா ஹிஸ்பனியோலாவுக்கு வடக்கே உண்டு, இரண்டையும் மயங்கலாகாது. பிற்மன் ஒதுங்கிய தீவில் ஏற்கெனவே கொள்ளையர் சிலர் தங்கியிருந்தனர். தம்மோடு சேருமாறு அவர்கள் அழைத்தனர். பிற்மனும் தோழரும் மறுத்தனர். மறுத்தோரைப் பணியவைக்க எண்ணி அக்கொள்ளையர் படகை எரித்துவிட்டனர். அப்பொழுதும் பிற்மன் இணங்கவில்லை. ஆமை இறைச்சியும் முட்டையும் உண்டு, ஏறத்தாழ மூன்று மாதம் அத்தீவிற் காலங்கழித்தார். பின்னர் வந்த வேறொரு கொள்ளைக் கப்பலில், வைத்தியர் என்ற மதிப்பினால் இடம்பெற்று, பல துறைகளைச் சுற்றி இங்கிலாந்து மீண்டார். அங்கே உறவினர் அவருக்கு மன்னிப்புப் பெற்றுவைத்திருந்தனர்.

ஆகவே மெய்யான வைத்தியர் கடற்கொள்ளைக்காரனாகவில்லை, அழைத்தும் மறுத்தவர். கதை இங்கே திரும்புகின்றது. பிளட்டின் பிற்பாதி வாழ்க்கைக்கு நாவலாசிரியர் வேறு ஏடுகளை நாடினார். அவற்றுள் முதன்மையானது, எக்ஸ்குவெமலின் என்னும் இன்னொரு சத்திரவைத்தியர் 1678ஆம் ஆண்டில் ஒல்லாந்த மொழியில் வெளியிட்ட கொள்ளையர் வரலாறு. இவர் கொள்ளையரோடு கூடவே பயணஞ் செய்தவர்.

‘புக்கனீர்’ என்று அழைக்கப்பட்ட அக்கொள்ளையர், தொடக்கத்தில் ஹிஸ்பனியோலாக் காடுகளில் மாடும் பன்றியும் வேட்டையாடி, இறைச்சியைப் புகையில் வாட்டி விற்றவர். இறைச்சி வாட்டும் பரணுக்கு அந்நிலத்து ஆதிக்குடிகள் வழங்கிய சொல்லிலிருந்தே அவர் பெயர் பிறந்தது. ஸ்பானியர் அவர்களைத் துரத்த, அவர்கள் கடலுக்குத் திரும்பினர். ஸ்பெயினுக்குப் பகைவரான ஆங்கில, பிரெஞ்சுத் தேசாதிபதிகள் அவர்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கி, கொள்ளையிற் பங்கு கொண்டனர். பத்திரம் உள்ளவன் அரசனின் ஊழியன். இல்லாதவன் தூக்குக்கு உரியவன். இருவர் செய்த தொழிலோ ஒன்றே.

கொள்ளைக்காரன் தேசாதிபதியாதல் கூடுமோ என்று ஐயுறுவோர்க்கு ஹென்றி மோர்கன் விடையாக நிற்கின்றான். 1671ஆம் ஆண்டிற் பனாமா நகரைச் சூறையாடியவன் இவன். அப்பொழுது ஸ்பெயினோடு சமாதானம் ஏற்பட்டிருந்தமையாற் கைதியாக இலண்டன் கொண்டு செல்லப்பட்டான். ஆனால் 1674ஆம் ஆண்டில் அவனுக்குச் ‘சேர்’ பட்டம் சூட்டி, ஜமெய்க்காவின் துணைத் தேசாதிபதியாக்கி அனுப்பினர். தன்னை இழிவாக எழுதினர் என்று எக்ஸ்குவெமலினின் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டோர்மீது வழக்குத் தொடுத்து, 200 பவுண் நட்டஈடும் பெற்றான். புனைகதையும் இவ்வளவு துணியாது.

திரையிலே கொள்ளையர் கூடி உடன்படிக்கை செய்யும் காட்சி வருகின்றது. இதுவும் ஏட்டில் உள்ளதே. தலைவனைத் தாமே தெரிதல், கொள்ளையைப் பங்கிடல், உறுப்பிழந்தவருக்கு ஈடு செய்தல் ஆகியன அவ்வுடன்படிக்கையில் அடங்கும். மன்னராட்சி மேலோங்கியிருந்த காலத்தில் இத்தகைய சமத்துவம் வியப்புக்குரியது என்று அறிஞர் போற்றுவர். போற்றுமுன் ஏட்டை முழுதும் வாசிப்போம். வலக்கை இழந்தவனுக்கு 600 வெள்ளி நாணயம், அல்லது ஆறு அடிமைகள். இடக்கைக்கு 500 நாணயம், அல்லது ஐந்து அடிமைகள். ஒரு கண்ணுக்கு 100 நாணயம், அல்லது ஓர் அடிமை. நேயர்களே, ஒருவன் இழந்த கண்ணுக்கு இன்னொருவனின் முழுவாழ்வு ஈடாக எழுதப்பட்டிருக்கின்றது. அவர்களிடையே சமத்துவம் நிலவியது உண்மை. அந்தச் சமத்துவத்தின் எல்லைக்கு வெளியே மனிதர் நாணயமாகப் புழங்கியதும் உண்மை.

இங்கேதான் படத்தின் பெருங்குறை தெரிகின்றது. அதன் நடுவே அடிமைகளாக நிற்போர் அனைவரும் ஆங்கிலேயர். அவர் முதுகிற் சவுக்கு வீழும்போது நம் நெஞ்சு பதைக்கின்றது. அவர் விலங்கு உடையும்போது நாம் ஆர்ப்பரிக்கின்றோம். ஆனால் 1680ஆம் ஆண்டளவிற் பார்படோஸ் தீவில் வெள்ளையர் ஏறத்தாழ 20,000 பேர். ஆபிரிக்க அடிமைகளோ அவரினும் இருமடங்குக்கு அணித்தானோர். கரும்புத் தோட்டங்களின் செல்வம் அவர்தம் குருதியிலிருந்து பிழிந்தது. மொன்மத்தின் கலகக்காரரைத் தண்டித்த அதே இரண்டாம் ஜேம்ஸ், கோமகனாக இருந்த காலந்தொட்டு, 1672ஆம் ஆண்டிற் பட்டயம் பெற்ற அரச ஆபிரிக்கக் கம்பனியின் தலைவன். அக்கம்பனியின் முதன்மை வாணிகங்களுள் ஒன்று மனிதர்.

இரு வகையினரின் விதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கலகக்காரருக்கு விதிக்கப்பட்டது பத்தாண்டு. அதுவும் முழுமை பெறவில்லை. 1688ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓட, வில்லியம் அரசனானான். சில ஆண்டுகளுள் அவர்களுக்கு மன்னிப்பு வந்தது. நீதியரசர் ஜெவ்ரீஸ் இலண்டன் கோபுரச் சிறையிற் கிடந்து 1689ஆம் ஆண்டில் இறந்தார். ஆபிரிக்க அடிமைக்கோ தவணை இல்லை. அவனோடு அவன் பிள்ளையும், பிள்ளையின் பிள்ளையும் அடிமை என்பதே சட்டம். எந்த அரசன் மாறினும் அவனுக்கு மன்னிப்பு வரவில்லை. மன்னிக்க அவன் குற்றம் ஏதும் செய்ததுமில்லை. பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடுத்தது 1807ஆம் ஆண்டில். அடிமை முறையே நீங்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834ஆம் ஆண்டில். அதன் பின்னரும் பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரால் 1838ஆம் ஆண்டுவரை தோட்டத்திலே கட்டுண்டிருந்தனர். அவ்வாண்டிலேயே வெற்றிடத்தை நிரப்ப, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல்கள் பிரித்தானிய கயானாவை அடைந்தன. பின்னாளில் மாட்டினிக், குவாடலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழரும் சென்றனர். அக்கடல் நமக்கு முற்றிலும் அந்நியக் கடல் அன்று.

பிற்மனின் நூலில் ஒரு சிறு செய்தி உண்டு. படத்திற் காணப்படாத அச்செய்தியை நான் மறக்க முடிவதில்லை. உப்புத் தோர்த்துகாவில் அவர் தங்கியிருந்தபோது, கொள்ளையர் எங்கிருந்தோ பிடித்துவந்த ஆதிக்குடி மனிதன் ஒருவனை முப்பது வெள்ளி நாணயம் கொடுத்து வாங்கினார். மீன் பிடித்துத் தருவான் என்பதே நோக்கம். தாம் விற்கப்பட்டதைக் கொடுமை என்று உலகறிய எழுதியவர், தொழுமரத்தின் வெயில் உடம்பில் ஆறுமுன், இன்னொருவனை விலை பேசினார். அதனை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். எழுதியவருக்கு அதில் முரண்பாடு தோன்றவில்லை. பிற்மன் தீயவர் அல்லர், பகைவனுக்கும் மருந்திட்டவர். நல்ல மனிதனின் கண்ணையும் தன் காலத்து வழக்கம் மறைக்கும் என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

அப்படியாயின் இப்படத்தை நாம் தள்ளிவிடலாமா? தள்ளவேண்டியதில்லை. கலையாக நோக்கின், அது இன்றும் இளமையோடு நிற்கின்றது. கப்பல்களிற் பெரும்பாலானவை நீர்த்தொட்டியில் மிதந்த சிற்றுருக்கள். சில காட்சிகள் பழைய பேசாப் படத்திலிருந்து எடுத்து ஒட்டியவை. ஆயினும் பார்ப்போர் கண்ணுக்கு அவை பெருங்கடலிற் போரிடும் கப்பல்களே. பிரெஞ்சுக் கொள்ளைத் தலைவனாக நடித்த பசில் றத்போன் மெய்யாகவே வாட்கலை பயின்றவர். அலை வந்து மோதும் மணலில் அவரும் எறோல் பிளின்னும் பொருதும் காட்சி, பின்வந்த வாட்போர்ப் படங்களுக்கெல்லாம் பாடமாயிற்று. வியன்னாவிலிருந்து வந்த கோர்ண்கோல்ட் அமைத்த இசை, கப்பற் பாய்களில் நிறையும் காற்றுப்போல் நம்மைத் தூக்கிச் செல்கின்றது.

இக்கதையின் ஆற்றலைத் தமிழகமும் அறிந்தது. 1965ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ இக்கதைப் போக்கையே தழுவியது. கலகக்காரருக்கு மருந்திட்ட வைத்தியன் தீவொன்றில் அடிமையாக விற்கப்பட்டு, பின் கடற்கொள்ளையரோடு சேர்கின்றான். அவ்வைத்தியனாக நடித்தவர், இலங்கையின் மலைநாட்டில் 1917ஆம் ஆண்டிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன். சோமர்செற் மாவட்டத்துச் சத்திரவைத்தியர் ஒருவரின் துயரம், இத்தாலியில் பிறந்த நாவலாசிரியர் கையில் வளர்ந்து, ஹொலிவூட் வழியாகத் தமிழ்த் திரைக்கு வந்து, எங்கள் ஊர்ப் படமாளிகைகளிலும் கைதட்டல் பெற்றது. அடிமையாக்கப்பட்டவன் நிமிர்ந்து நிற்கும் காட்சி எம்மொழியாருக்கும் விளங்கும்.

கதை நிகழ்வதாகப் படம் காட்டும் போட் றோயல் துறைமுகத்தின் முடிவையும் சொல்லிவிடுகின்றேன். கொள்ளைப் பொருளால் கொழுத்த அந்நகரம், 1692ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் முற்பகலில் நிலநடுக்கத்தால் நிலைகுலைந்தது. மணற்றிட்டில் எழுப்பிய வீதிகள் கடலுள் ஆழ்ந்தன. ஏறத்தாழ 2,000 பேர் அன்றே மடிந்தனர். அவருள் முதலாளியும் இருந்தான், மாலுமியும் இருந்தான், விலங்கு பூண்ட அடிமையும் இருந்தான்.

நேயர்களே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய படத்தைப் பார்த்துவிட்டு, வாளுக்குப் பதிலாக ஈர்க்கைக் கையிலேந்தி முற்றத்திற் போரிடின், தடுக்கவேண்டாம். மனிதனை மனிதன் விற்றல் அநீதி என்னும் முதற்பாடத்தை அப்படம் அவர்கள் நெஞ்சிற் பதித்துவிட்டது. அதற்கு அடுத்த பாடத்தைச் சொல்லும் பொறுப்பு பெற்றாருக்கும் ஆசிரியருக்கும் உரியது. பிளட்டின் விலங்கு உடைந்த அன்று அத்தோட்டத்தில் வேறு யாருடைய விலங்கு உடையாமற் கிடந்தது என்று பிள்ளையைக் கேளுங்கள். விடையை அவனே தேடட்டும். அத்தேடலே வரலாற்றுக் கல்வி.